பழைய கோப்ரா பொம்மைகள்: இந்தியத் தயாரிப்பைச் சேர்ப்பதா, அமெரிக்க வரிசையைத் தேடுவதா?

மாட்டுங்கா வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஜி.ஐ. ஜோ பொம்மை வரிசையில் எதிரணியாக வரும் கோப்ரா கூட்டத்தை மட்டும் சேகரிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. நாயகர் தரப்பில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு திறமை என்று இருப்பதால் அவர்களிடம் என் மனம் ஒட்டவில்லை. கோப்ராவோ ஒரு முழு நிறுவனம். அதில் முகம் மறைத்த காலாட்படை உண்டு, ஆயுத வணிகரான டெஸ்ட்ரோ உண்டு, சட்டமோ கணக்கியலோ படித்துப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று பொம்மை விற்கப்படும் அட்டையின் பின்புறக் குறிப்பிலேயே நிபந்தனை விதித்த கிரிம்சன் கார்ட் என்னும் சிவப்புச் சீருடைப் படையும் உண்டு. லாரி ஹாமா எழுதி மார்வெல் வெளியிட்ட சித்திரக்கதையில் கோப்ராவின் தலைவன் ஒரு காலத்தில் பழைய கார் விற்றவன் என்று வரும்; ஆள் பிடித்து, அந்த ஆளைக் கொண்டு இன்னோர் ஆளைப் பிடித்துப் பணம் திரட்டியே அந்த இயக்கம் வளர்கிறது. சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவர்களின் கதைகளைக் கேட்டுக்கொண்டே மாட்டுங்காவில் வளர்ந்த எனக்கு, அப்படிப்பட்ட வில்லனை நம்புவதில் ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை.

இப்போது மும்பை சோர் பஜாரில், மட்டன் தெருவை ஒட்டிய சந்தில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு தகரப்பெட்டி நிறைய கோப்ரா பொம்மைகள் இருப்பதைப் பார்த்தேன். எல்லாமே அட்டையிலிருந்து பிரிக்கப்பட்டவை. சிலவற்றின் முதுகில் ஹாங்காங் என்று இருக்கிறது. சிலவற்றில் ஆண்டு மட்டும் தெரிகிறது. முதுகில் 1983, 1984 என்று இருப்பதைக் காட்டி, இவை அனைத்தும் நாற்பது ஆண்டு பழைய வெளிநாட்டுச் சரக்கு என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். ஆனால் சில பொம்மைகளின் நிறம் நான் படங்களில் பார்த்த அமெரிக்கப் பொம்மைகளின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை. பலவற்றின் கால்கள் தொங்குகின்றன. சிலவற்றுக்குக் கட்டைவிரல் இல்லை. துப்பாக்கிகள் தனியே ஒரு பையில் கலந்து கிடக்கின்றன. பிரித்துக் கொடுக்க மாட்டேன், மொத்தமாகத்தான் தருவேன் என்கிறார்.

வாங்கலாமா? நிறம் மாறியிருப்பவை இந்தியாவில் செய்யப்பட்டவை என்றால், அவற்றை ஒதுக்கிவிட்டு அமெரிக்க வரிசையை மட்டும் தேடுவது நல்லதா? வாங்கினால் பழுது பார்க்கலாமா, அப்படியே விட வேண்டுமா? எங்கள் வீடு தரைத்தளத்தில் இருக்கிறது. ஜூன் வந்தால் சுவரே வியர்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செம்பூர் பெட்டகம் எழுதியது:

முதுகில் இருக்கும் ஆண்டை வைத்து வயதைச் சொல்வது இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பழைய விற்பனை உத்தி. அந்த ஆண்டு, பொம்மைக்கான உரிமை பதியப்பட்ட ஆண்டு. வார்ப்பு அச்சோடு சேர்ந்து பயணம் செய்வது. அதே அச்சை எந்த நாட்டுக்கு எடுத்துச் சென்று, எத்தனை ஆண்டு கழித்து வார்த்தாலும் பழைய ஆண்டே விழும். ஜி.ஐ. ஜோவைத் தயாரித்த அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் அச்சுகள் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றதைப் போல நம் நாட்டுக்கும் வந்தன. எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து ஃபன்ஸ்கூல் என்னும் பொம்மை நிறுவனத்தைத் தொடங்கியது 1987-இல். ஆகவே அந்த நிறுவனம் வார்த்த எந்தக் கோப்ரா பொம்மையும், முதுகில் 1984 என்றே இருந்தாலும், 1987-க்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை. அமெரிக்காவில் வரிசை 1994-இல் நின்ற பிறகும் இங்கே உற்பத்தி தொடர்ந்தது என்பதால், உங்கள் தகரப்பெட்டியில் இருப்பவற்றில் சில கடைக்காரர் சொல்லும் வயதில் பாதியைத்தான் தாண்டியிருக்கும்.

வயதைக் கணிக்க உடலமைப்பைப் பாருங்கள். 1982-இல் வந்த முதல் தொகுதியில் கை தோளிலும் முழங்கையிலும் மட்டுமே மடங்கும். முழங்கைக்கு மேலே கை சுழலும் வசதி 1983-இல்தான் வந்தது. தலை 1984 வரை இடமும் வலமும் மட்டுமே திரும்பும். 1985 முதல் கழுத்தில் உருண்டை மூட்டு வைத்தார்கள், அதனால் தலை மேலும் கீழும் அசையும். கை சுழலாத ஒரு கோப்ரா காலாட்படை வீரன் அந்தப் பெட்டியில் இருந்தால், மற்றவற்றைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் அமெரிக்கக் கடைகளில் கோப்ரா தரப்பில் கிடைத்தவர்கள் அந்தக் காலாட்படை வீரனும் ஓர் அதிகாரியும் மட்டுமே. தலைவனையே அஞ்சல் மூலம்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. அந்த முதல் அஞ்சல் தலைவனின் மார்பில் பாம்புச் சின்னம் அவ்வளவு செம்மையாக வரையப்படாமல் மிக்கி மவுசின் முகம் போலத் தெரியும். சேகரிப்பாளர்கள் இன்றுவரை அந்தப் பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். மும்பையில் யாராவது அதை உங்களிடம் நீட்டினால், சின்னம் பிற்காலத்தில் வரையப்பட்டதா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்க்காமல் பணப்பையைத் திறக்க வேண்டாம்.

துப்பாக்கிப் பையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பொம்மை எளிதாகக் கிடைக்கும், அதற்குரிய ஆயுதம் கிடைக்காது என்பதே இந்தத் துறையின் நிலை. 1982-ஆம் ஆண்டுக் காலாட்படை வீரனிடம் இருக்க வேண்டியது டிராகுனோவ் வகைத் தொலைதூரத் துப்பாக்கி; அதிகாரியிடம் ஏ.கே. 47. 1984-இல் வந்த நாசவேலைக்காரனான ஃபயர்ஃபிளையின் சிறிய வாக்கி-டாக்கி முழுப் பொம்மையை விடவும் அரிதாகக் கண்ணில் படும். அதே ஆண்டின் வெள்ளுடை நிஞ்ஜாவான ஸ்டார்ம் ஷேடோவுக்கு வில், இரண்டு வாள்கள், நுஞ்சாக்கு, முதுகுப்பை ஆகியவை சேர வேண்டும். பையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்குக் கடைக்காரர் அனுமதித்தால், பேரம் பேசுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: நிறம் மாறிய இந்தியப் பொம்மைகளை ஒதுக்க வேண்டாம். நான் இப்போது அவற்றை மட்டுமே தேடுகிறேன்.

நாக்தேவி ஓ-ரிங் எழுதியது:

செம்பூர் நண்பர் சொன்ன அடையாளங்கள் சரியானவை. முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கோப்ராவைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் 1982 முதல் 1986 வரையிலான அமெரிக்க வெளியீடுகளில் ஒரு சிறிய அடித்தளத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த நிறமும் அந்த வண்ணப்பூச்சும்தான் அளவுகோல். மூல டெஸ்ட்ரோவின் தலையில் வெள்ளி நிற முலாம் எப்படி மின்னும், பேட் என்னும் இயந்திரப் படைவீரனின் மார்பில் ஒட்டியுள்ள அசையும் படம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிய பிறகே, பிற நாட்டு வேறுபாடுகளின் சுவை தெரியும்.

பழுது பார்ப்பதைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கால் தொங்குவதைக் கண்டு பலர் நல்ல பொம்மையை விட்டுவிடுகிறார்கள். இந்தப் பொம்மையின் உடல் முன்னும் பின்னுமாக இரண்டு ஓடுகள். முதுகில் ஒரே திருகாணி. இரண்டு கால்களையும் ஒரு சிறிய உலோகக் கொக்கி பிணைத்திருக்கும். அந்தக் கொக்கியையும் உடலின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிப்பது ஒரு கருப்பு ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். ரப்பருக்கு வயதானால் அது இளகும் அல்லது வெடிக்கும். உடனே கால் தொங்கும். இது நோயே அல்ல, தேய்மானம். வளையம் மாற்றினால் பொம்மை எழுந்து நிற்கும், அதனால் மதிப்பும் குறையாது.

பழைய வளையத்தின் உள் விட்டத்தையும் தடிமனையும் வெர்னியரால் அளந்துகொண்டு நாக்தேவி தெருவுக்குப் போங்கள். அங்கே ரப்பர் உதிரிப்பொருள் விற்பவர்கள் நைட்ரைல் வளையங்களைக் கை நிறைய எடுத்துப் போடுவார்கள். அளவில் சற்றுச் சிறியதை வாங்கிவிட்டால் இழுவை அதிகமாகி இடுப்புத் துண்டு உடையும். இடுப்புத் துண்டு உடைந்த பொம்மைக்கு மறுவாழ்வு இல்லை, இன்னொரு பொம்மையிலிருந்து உறுப்பு தானம் பெற வேண்டியதுதான். திருகாணியைத் திறக்கத் தலைக்குச் சரியாகப் பொருந்தும் சிறிய ஸ்டார் ஸ்குரூ டிரைவர் வேண்டும். மும்பைப் பொம்மைகளில் திருகாணி துருப்பிடித்திருப்பது வழக்கம். ஒரு துளி எண்ணெயைத் திருகாணியின் தலையில் மட்டும் ஊசி முனையால் வைத்து ஓரிரவு விட்டால் பெரும்பாலும் இளகும். மூடும்போது பிடித்துக்கொண்டதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் அரைச் சுற்று என்று ஆசைப்படுபவர்களின் பொம்மைகளில்தான் முதுகில் விரிசலைப் பார்க்கிறேன்.

கட்டைவிரல் போனால் போனதுதான். இருப்பதைக் காப்பாற்ற வழி உண்டு: துப்பாக்கியைக் கையில் வைப்பதற்கு முன் அந்தக் கையைச் சில நொடிகள் வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுத்தால் பிளாஸ்டிக் சற்று இளகி, விரல் வளைந்து கொடுக்கும். மழைக்காலத்தில் ஒன்றும் செய்யாதீர்கள். உள்ளே ஈரத்தோடு மூடினால் கொக்கி அடுத்த ஆண்டே துருவாகிவிடும்.

தேய்ந்த சின்னத்துக்கு நுண்ணிய தூரிகையால் வண்ணம் தொட்டுவிடுவதில் தவறில்லை என்பதும் என் கருத்து. நம் அலமாரியில் நாம் பார்த்து மகிழ்வதற்குத்தானே வாங்குகிறோம்.

அல்சூர் வாசகி எழுதியது:

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். நாக்தேவி அண்ணாவின் ஓ-ரிங் குறிப்புகளை அப்படியே ஏற்கிறேன். வண்ணம் தொட்டுவிடும் யோசனையை மட்டும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். வளையத்தை மாற்றினால் திரும்பவும் கழற்றலாம், வண்ணத்தைக் கழற்ற முடியாது. அதுவும் இந்தியப் பொம்மைகளில் வண்ணப்பூச்சுதான் சான்று. எந்த நிறத்தில் உடல் வார்க்கப்பட்டது, எந்த இடத்தில் வண்ணம் பூசாமல் விட்டார்கள், சின்னம் எவ்வளவு கோணலாக விழுந்தது என்பவற்றை வைத்தே நாம் ஒரு வெளியீட்டை இன்னொன்றிலிருந்து பிரித்தறிகிறோம். அமெரிக்க வெளியீடுகளுக்கு ஆண்டுவாரியான பட்டியல்களும் புகைப்படங்களும் வேண்டிய அளவு உள்ளன. இங்கு வந்தவற்றுக்கு அந்தப் பொம்மைகளே பெரும்பாலும் ஆவணம். அதன் மேல் நாம் தூரிகை வைத்தால், பிறகு பார்க்கும் ஒருவர் நம் கைவேலையை ஒரு புதிய வகை என்று பதிவு செய்து வைப்பார். அப்படிப்பட்ட குழப்பங்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

மஞ்சள் படிந்த வெள்ளைப் பொம்மைகளை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கும் முறையையும் பலர் பரிந்துரைப்பார்கள். வெளுப்பது உண்மை, சில காலத்தில் மஞ்சள் திரும்பி வருவதும் உண்மை. ஸ்டார்ம் ஷேடோ மஞ்சளாக இருந்தால் மஞ்சளாகவே இருக்கட்டும். மாறுவேடக்காரனான சார்ட்டான் கிடைத்தால் வேறொரு கவனம் தேவை: 1984-இல் வந்த அந்த உருவத்தின் தோல் வெயில் பட்டால் நீலமாக மாறும்படி செய்யப்பட்டது. வருபவர்களுக்கெல்லாம் அந்த வித்தையைக் காட்ட வேண்டாம்; பல பொம்மைகளில் அந்த மாற்றம் ஏற்கெனவே மங்கிவிட்டது, பிளாஸ்டிக்கும் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கிறது.

உங்கள் தரைத்தள வீட்டைப் பற்றி, ஐயா. முதல் வேலையாக, பொம்மை வைக்கும் பீரோவில் அந்துருண்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். நம் வீடுகளில் பட்டுப்புடவைக்கு வைக்கும் பழக்கத்தில் எல்லா அலமாரியிலும் அது போய்ச் சேர்கிறது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்குகளை இளக்கும். பிறகு துப்பாக்கியும் கையும் ஒட்டிக்கொள்ளும். பளபளப்பான பி.வி.சி. பைகளையும் தவிருங்கள், அவற்றை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்த்தன்மையான பொருள் கசிந்து பொம்மையின் மேல் பிசுபிசுப்பாகப் படியும். பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன் பைகள் போதும். ரப்பர் பேண்ட் போடவே கூடாது. மூடி இறுக்கமாக அமரும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை பொட்டலங்களை மாற்றிக்கொண்டே இருங்கள். தரையை ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள், வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பெங்களூரில் எனக்கு இவ்வளவு பாடு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் அலமாரி ஜன்னல் வெயிலிலிருந்து தள்ளியிருந்தால் போதும்.

இன்னொன்று, கோப்ராவை மட்டும் சேர்ப்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம். டெஸ்ட்ரோ ஒருவர், பரோனஸ் ஒருவர், டோமாக்ஸும் ஸாமாட்டும் சேர்ந்து ஒரு ஜோடி. ஒருமுறை கிடைத்தால் அந்தத் தேடல் முடிந்தது. பெயரில்லாத படைவீரர்களுக்கு முடிவே கிடையாது. வைப்பர் என்னும் சாதாரணச் சிப்பாய் ஒன்று இருந்தால் அது ஒரு பொம்மை, பத்து வைப்பர் இருந்தால்தான் அது படை என்று மனம் சொல்லும். உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் இப்படியே நினைப்பதால், தலைவர்களை விடச் சாதாரணச் சிப்பாய்களுக்குத்தான் போட்டி அதிகம். இந்தத் தேவையை நிரப்பவே புதிதாக வார்த்த நகல் சிப்பாய்கள் சந்தையில் உலவுகின்றன. அதிகாரபூர்வ அமெரிக்க வரிசையில் வராத நிறத்தில் ஒரு கோப்ரா சிப்பாய், கீறலே இல்லாமல், ஒரே மாதிரி ஐந்தாறு பேராகக் கிடைத்தால், அது அரிய இந்திய வெளியீடு என்று மகிழ்வதற்கு முன் திருகாணியைப் பாருங்கள். முப்பது ஆண்டு மும்பையில் கிடந்த திருகாணி பளபளவென்று இருக்காது.

மாட்டுங்கா வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மீண்டும் கடைக்குப் போய் வந்தேன். கடைக்காரர் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, பையைக் கொட்டிப் பார்க்கவும் அனுமதித்தார்.

கை சுழலாத வீரன் யாரும் இல்லை. ஹாங்காங் முத்திரை உள்ள டெஸ்ட்ரோவின் தலையில் முலாம் மூக்கிலும் புருவத்திலும் தேய்ந்திருக்கிறது. உடல் உறுதியாக இருக்கிறது. வெளிர்ந்த நிறத்தில் இருந்த சிப்பாய்களின் திருகாணிகள் நன்றாகவே துருப்பிடித்திருக்கின்றன. ஆனால் நீல உடல் சிப்பாய்கள் சிலர் அல்சூர் வாசகி எச்சரித்தபடியே கீறலின்றி, பளபளக்கும் திருகாணிகளோடு இருக்கிறார்கள். ஒரு தலைவன் பொம்மையில் உடலும் கைகளும் ஒரு நீலம், கால்கள் வேறொரு நீலம். பெட்டியின் அடியில் ஃபன்ஸ்கூல் பெயரோடு சில அட்டைகளும் கிடைத்தன; பின்புறக் குறிப்பைக் குழந்தைகள் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். டிராகுனோவ் துப்பாக்கி ஒன்று பையில் இருந்தது, அதற்குரிய வீரன்தான் இல்லை.

அவர் இன்னும் மொத்தமாகத்தான் கேட்கிறார்.

செம்பூர் பெட்டகம் எழுதியது:

இரண்டு நீலத் தலைவனைப் பற்றி அவசரப்பட வேண்டாம். ஓ-ரிங் பொம்மையைக் கழற்றுவது எளிது என்பதால், இரண்டு உடைந்த பொம்மைகளை ஒன்றாக்கி விற்பது சாதாரணம். அதே சமயம் இந்திய வெளியீடுகளில் உடலுக்கும் காலுக்கும் நிறம் சற்று மாறியிருப்பதை நானே அட்டை பிரிக்காத பொம்மையில் பார்த்திருக்கிறேன். கால்களைப் பிணைக்கும் கொக்கியின் துருவும் முதுகுத் திருகாணியின் துருவும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கொக்கி புதிதாகவும் திருகாணி பழையதாகவும் இருந்தால், கால்கள் பிறகு வந்தவை.

கத்தரித்த அட்டைகளை விடாதீர்கள். குறிப்பு போயிருந்தாலும், அட்டையின் முன்புறப் படமும் உரிமை வரியும் எந்தப் பொம்மை இங்கே விற்கப்பட்டது என்பதற்குச் சான்று. துருப்பிடித்த சிப்பாய்களை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அட்டைகளைத் தட்டையாக, அமிலமற்ற தாள்களுக்கு நடுவில் வையுங்கள்.

பேரத்தைப் பற்றி என் யோசனை இது. நீலச் சிப்பாய்களை நகல் என்று சொல்லிக் கடைக்காரரோடு வாதம் செய்ய வேண்டாம். அவரும் யாரிடமோ வாங்கியவர்தான். அவற்றை அவரிடமே விட்டுவிட்டு, துருப்பிடித்த சிப்பாய்கள், டெஸ்ட்ரோ, அட்டைகள், துப்பாக்கிப் பை ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு விலை சொல்லுங்கள். பளபளப்பானவை தம்மிடமே தங்கும் என்பதால் அவர் இணங்க வாய்ப்பு உண்டு. அவருடைய கண்ணுக்கு அவைதான் நல்ல சரக்கு. விரல் உடைந்தவற்றையும் அந்த விலைக்குள்ளேயே கேட்டுப் பெறுங்கள். அவற்றின் கால்களும் இடுப்புத் துண்டுகளும் மற்றவற்றுக்கு உதவும், நாக்தேவி நண்பர் சொன்ன உறுப்பு தானம் அதுதான்.

இணங்காவிட்டால் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அதே பகுதியில் நடைபாதையில் விரிக்கும் சந்தைக்கு வாருங்கள். நானும் வருகிறேன். டிராகுனோவை மட்டும் எப்படியாவது வாங்கி வையுங்கள். அது இல்லாத 1982 வீரன் ஒருவன் என்னிடம் இருக்கிறான், மாற்றாக எதைக் கேட்டாலும் பேசலாம்.